பழியைப் பிள்ளைகள் மேல் போடாதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இரண்டு மணி நேரமாகப் பொறுமையுடன் அமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். எதிரணித் தலைவர் பேசிய வேகத்தில் பலருக்கு அது மறந்திருக்கும். ஆறாம் நூற்றாண்டில் வடசீனத்தை ஆட்டிவைத்த தளபதி காவ் ஹுவான். கடைசிவரை அவர் அரியணையில் அமரவில்லை. அவருடைய பிள்ளைகள் காவ் யாங், காவ் யான், காவ் ஜான் ஆகிய மூவரும் அடுத்தடுத்துப் பேரரசர்கள் ஆனார்கள். பெயர்கள் குழப்பினால் கவலை வேண்டாம். மூத்தவர், நடுவர், இளையவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நான் சொல்லும் நடுவர் வேறு, தீர்ப்புச் சொல்லும் நடுவர் வேறு. அவர்கள் ஆண்ட வட சி அரசு 550இல் பிறந்து 577இல் மடிந்தது. இந்த அழிவுக்குப் பெரும் பொறுப்பு மகன்களுக்கா, தந்தைக்கா? மகன்களுக்கே என்கிறது எதிரணி. தந்தைக்கே என்கிறோம் நாங்கள்.

எதிரணித் தலைவர் பெரியதொரு குற்றப் பட்டியலை வாசித்தார். காவ் யாங் குடித்துக் குடித்தே அறிவிழந்தார் என்றார். 559இல் பழைய அரச குலமான யுவான் குடும்பத்தில் 721 பேரைக் கொன்று ஜாங் ஆற்றில் வீசினார், யே நகர மக்கள் நெடுநாள் மீன் சாப்பிடவே அஞ்சினார்கள் என்றார். காவ் யான் தன் அண்ணன் மகனை அரியணையிலிருந்து இறக்கிக் கொன்றார் என்றார். காவ் ஜான் தன் அண்ணன் மகனைக் கொன்றார் என்றார். காவ் ஹுவானின் பேரன் காவ் வெய்யைப் பற்றி இரண்டாவதாகப் பேசிய அம்மையார் சொன்னார்: கோட்டைச் சுவர் இடிந்து படை உள்ளே பாயவிருந்த நேரத்தில், காதலி வந்து வேடிக்கை பார்க்கட்டும் என்று தாக்குதலை நிறுத்தி வைத்த மன்னராம். அவள் ஒப்பனையை முடித்து வருவதற்குள் எதிரிகள் சுவரை அடைத்துவிட்டார்களாம்.

அத்தனையும் உண்மை. ஒன்றைக்கூட மறுக்க நான் வரவில்லை. இன்னும் நான்கைந்து குற்றங்கள் என் கையிலும் இருக்கின்றன. வேண்டுமானால் கடனாகத் தருகிறேன். என் கேள்வி ஒன்றே ஒன்று. மன்னர் கெட்டவராக இருந்தால் நாடு அழிந்தே தீருமா? பக்கத்து நாட்டில் அழியவில்லையே, அது ஏன்? இதற்கு எதிரணியில் பேசிய இருவரிடமும் பதில் இல்லை. பக்கத்து நாட்டுக்கு வருகிறேன். அதற்கு முன் இந்தத் தந்தையைச் சற்று நெருங்கிப் பார்த்துவிடுவோம்.

காவ் ஹுவான் பிறந்தது 496இல், வட வெய் பேரரசின் வடக்கு எல்லையில் இருந்த ஹுவாய்ஷுவோ என்ற காவல் கோட்டையில். இன்றைக்கு அது உள் மங்கோலியா. தாத்தா ஏதோ குற்றத்துக்காக அங்கே நாடுகடத்தப்பட்டவர். அந்தக் கோட்டையில் சீனப் பெரும்பான்மையினரான ஹான் இனத்தாரும் சியென்பெய் நாடோடிகளின் வழிவந்தவர்களும் கலந்து வாழ்ந்தார்கள். வளர்ப்பாலும் பழக்கத்தாலும் காவ் ஹுவான் முழுச் சியென்பெய். வீட்டில் ஒரு குதிரைகூட இல்லாத ஏழை. எல்லையில் குதிரை இல்லாத இளைஞனுக்குச் சிப்பாய் வேலைக்கு மேல் எதுவும் கிடையாது. அவர் கோட்டைச் சுவரில் வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்த லோவ் ஜாவ்ஜுன் என்ற வசதியான வீட்டுப் பெண், மணந்தால் இவரைத்தான் மணப்பேன் என்று நின்றாள். வந்த வரன்களை எல்லாம் தட்டிவிட்டு, பணிப்பெண் வழியாகத் தன் கைக்காசையும் கொடுத்தனுப்பி, பெற்றோரைச் சம்மதிக்க வைத்தாள். திருமணத்துக்குப் பிறகுதான் அவருக்கு ஒரு குதிரை வாய்த்தது. குதிரை வந்ததும் பதவி வந்தது. பின்னாளில் மூன்று பேரரசர்களைப் பெற்றெடுத்த தாய் அவள்தான். அந்தக் குடும்பத்தில் நான் மனதாரப் பாராட்டும் ஆள் யாரென்று கேட்டால், தந்தையும் இல்லை, மகன்களும் இல்லை, அவளே. அவளுக்குத் தனியாக ஒரு பட்டிமன்றம் வைக்கலாம்.

பிறகு காவ் ஹுவான் எல்லைக்கும் தலைநகர் லுவோயாங்குக்கும் இடையே கடிதம் சுமக்கும் தூதரானார். 519ஆம் ஆண்டு தலைநகரில் ஒரு காட்சியைக் கண்டார். அரண்மனைக் காவல் படையினர் ஆயிரக்கணக்கில் திரண்டு, தங்கள் பதவி உயர்வுக்குத் தடையாக நின்ற ஓர் அதிகாரியின் வீட்டைக் கொளுத்தினார்கள். அதிகாரியை அடித்து நொறுக்கினார்கள். மகனைத் தீயில் எறிந்தார்கள். ஆட்சியில் இருந்த அரசமாதா என்ன செய்தார்? எட்டுப் பேரை மட்டும் தண்டித்துவிட்டு, மற்றவர்கள் மேல் கைவைக்கப் பயந்து பொது மன்னிப்பு வழங்கினார். காவ் ஹுவான் ஊருக்குத் திரும்பியதும் இருந்த சொத்தையெல்லாம் வாரி இறைத்து நண்பர்களைச் சேர்க்கத் தொடங்கினார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, அரசாங்கமே படைவீரனுக்குப் பயந்து குற்றத்தைக் கேட்காமல் விடுகிறது, இப்படிப்பட்ட நாட்டில் சொத்தைக் கட்டிக் காப்பதில் என்ன பயன் என்று சொன்னார்.

நடுவர் அவர்களே, என் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. அன்று அவர் இரண்டு பாடங்கள் கற்றிருக்கலாம். சட்டம் அஞ்சினால் நாடு போய்விடும், ஆகவே சட்டத்தை நிமிர்த்த வேண்டும் என்பது ஒன்று. சட்டம் அஞ்சுகிறது, ஆகவே ஆள் சேர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. அவர் இரண்டாவதைக் கற்றார். சாகும்வரை அதை மறக்கவில்லை.

ஆள் சேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எல்லைக் கோட்டைகள் கலகத்தில் எரிந்தபோது ஒரு தலைவனிடமிருந்து இன்னொருவனிடம் தாவி, கடைசியில் எர்ஜூ ரோங் என்ற பெருந்தளபதியிடம் போய்ச் சேர்ந்தார். எர்ஜூ ரோங் கொலையுண்டதும் அவருடைய குடும்பத்தையே எதிர்த்து எழுந்தார். 532இல் ஹான்லிங் என்ற இடத்தில் எர்ஜூக்கள் 2 லட்சம் பேருடன் வந்தார்கள் என்று வரலாற்றேடுகள் சொல்கின்றன. இவரிடம் 2,000 குதிரைகளும் 30,000 காலாட்களும்கூட முழுதாக இல்லை. மாடுகளையும் கழுதைகளையும் சேர்த்துக் கட்டித் தம் படை பின்வாங்கும் வழியைத் தாமே அடைத்துவிட்டுப் போரிட்டு வென்றார். எதிரணித் தலைவர் இதைச் சொன்னபோது கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். களத்தில் அவர் சூரர், சந்தேகமில்லை. நாம் விசாரிப்பது அவர் கட்டிய வீட்டை.

வீடு எப்படி இருந்தது? 534இல் இவர் கையால் முடிசூடிய பேரரசரே இவருக்கு அஞ்சி மேற்கே சாங்கானுக்கு ஓடினார். அங்கே அவருக்கு இடம் கொடுத்தவர் யூவென் தாய் என்ற இன்னொரு தளபதி. வட வெய் பேரரசு கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிளந்தது. காவ் ஹுவான் ஒரு சிறுவனை அரியணையில் அமர்த்தி, தலைநகரை லுவோயாங்கிலிருந்து யேவுக்கு மாற்றினார். 4 லட்சம் குடும்பங்கள் 3 நாளில் கிளம்பவேண்டும் என்று ஆணை. பேரரசர் யேவில் இருப்பார். காவ் ஹுவான் எங்கே இருப்பார்? மலைகளுக்கு அப்பால், ஜின்யாங்கில், படையோடு. அதாவது நாற்காலி ஓர் ஊரில், வாள் வேறோர் ஊரில். இதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

அவருடைய அரசில் இரண்டு கூட்டத்தார். படையில் சியென்பெய்கள், வயலிலும் அலுவலகத்திலும் ஹான்கள். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. காவ் ஹுவான் என்ன செய்தார் தெரியுமா? சியென்பெய் வீரர்களிடம் பேசும்போது, "ஹான் மக்கள் உங்கள் அடிமைகள். ஆண் உங்களுக்காக உழுகிறான், பெண் உங்களுக்காக நெய்கிறாள். உங்களுக்குச் சோறும் துணியும் தருகிறவர்களை ஏன் வதைக்கிறீர்கள்?" என்பார். ஹான் மக்களிடம் போய், "சியென்பெய்கள் உங்கள் கூலியாட்கள். உங்களிடம் ஒரு மரக்கால் தானியமும் ஒரு சுருள் பட்டும் வாங்கிக்கொண்டு உங்களுக்காகத் திருடனை அடிக்கிறார்கள். அவர்களை ஏன் வெறுக்கிறீர்கள்?" என்பார். இவனிடம் அவனை அடிமை என்றார், அவனிடம் இவனைக் கூலி என்றார். எதிரணித் தலைவர் இதைச் சாமர்த்தியம் என்றார். சாமர்த்தியம்தான். ஆனால் இரண்டு பேச்சுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள், இருவரும் ஒரே நாட்டுக் குடிகள் என்ற பேச்சு எதிலாவது இருக்கிறதா? பகையை ஆற்றவில்லை ஐயா, இரண்டு பக்கமும் தடவிக்கொடுத்தார். தடவும் கை இருக்கும்வரை அது கடிக்காது. கை போனதும் கடித்தது.

அடுத்து ஊழல். தளபதிகள் மக்களைச் சூறையாடினார்கள். து பீ என்ற அதிகாரி துணிந்து வந்து, வெளியே இருக்கும் எதிரியை அடிப்பதற்கு முன் உள்ளே இருக்கும் கொள்ளையரை அடக்குங்கள் என்றார். யார் அந்தக் கொள்ளையர் என்று கேட்டார் காவ் ஹுவான். உங்கள் வெற்றித் தளபதிகள்தாம் என்றார் து பீ. காவ் ஹுவான் பதில் பேசவில்லை. வீரர்களை இருபுறமும் நிறுத்தி, வில்லை நாணேற்றி, வாளை ஓங்கி, ஈட்டியை நீட்டி நிற்கச் சொல்லி, நடுவே து பீயை நடக்கச் சொன்னார். அந்த மனிதர் வேர்த்து விறுவிறுத்து நடுங்கினார். "அம்பு நாணில் இருக்கிறது, பாயவில்லை. வாள் ஓங்கியிருக்கிறது, வெட்டவில்லை. அதற்கே உமக்கு உயிர் போகிறது. என் தளபதிகள் நிஜ அம்புக்கும் நிஜ வாளுக்கும் நடுவே போகிறவர்கள். அவர்கள் கொஞ்சம் சுருட்டினால் என்ன?" என்று கேட்டார். நல்ல நாடகம். ஆனால் அவர் சொன்ன இன்னொரு காரணம்தான் உண்மையானது: மேற்கே யூவென் தாய் என் தளபதிகளை இழுக்கிறான், தெற்கே லியாங் நாட்டுக் கிழட்டுப் பேரரசர் சடங்கும் மரபும் காட்டி என் படித்தவர்களை இழுக்கிறார், நான் இப்போது சட்டத்தை இறுக்கினால் அவர்கள் அங்கே போவார்கள், இவர்கள் இங்கே போவார்கள், எனக்கு நாடே இருக்காது. கொஞ்சம் பொறு, பிறகு பார்க்கலாம்.

பிறகு பார்க்கலாம். இந்த "பிறகு" யாருடைய தலையில் விடிந்தது? பிள்ளைகள் தலையில்! கடன் வாங்கிச் செலவழித்தவர் தந்தை, வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது வீட்டில் இருந்தவர்கள் மகன்கள்.

ஒழுங்குபடுத்த முயலவே இல்லையா என்று எதிரணியினர் கேட்கலாம். முயன்றார். 544 வாக்கில் அந்த மூவருக்கும் அண்ணனான, அரியணை ஏறாத மூத்த மகன் காவ் செங்கை விட்டு ஊழல் தளபதிகளைப் பிடிக்க வைத்தார். அவர்களில் பெரிய மீன் சிமா சிரு, காவ் ஹுவானின் பழைய தோழர். சிறையில் ஒரே இரவில் அவர் தலை நரைத்துவிட்டதாம். பிறகு என்ன ஆயிற்று? காவ் ஹுவான் அவரைப் பார்த்தார். ஐயோ, இப்படி இளைத்துவிட்டாயே என்று அவர் தலையைத் தம் மடியில் வைத்துத் தம் கையாலேயே பேன் பார்த்தார். கூடவே 100 குடுவை மதுவும் 500 ஆடுகளும் 500 மூட்டை அரிசியும் கொடுத்தார். ஊழல் ஒழிப்பு, ஊழல்வாதிக்குப் பேன் பார்ப்பதில் முடிந்தது. சிரிக்கிறீர்கள். யேவில் அன்று யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

இதே சிமா சிரு இன்னொரு கதையிலும் வருகிறார். பிள்ளை வளர்ப்பைப் பற்றிய தலைப்பு ஆதலால் அதைச் சொல்லாமல் விட முடியாது. 535இல் காவ் செங்குக்கு வயது பதினைந்துக்குள். தந்தையின் ஆசைநாயகியோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. ஒரு பணிப்பெண் காட்டிக்கொடுத்தாள், வேறு இரு பணிப்பெண்கள் சாட்சி சொன்னார்கள். காவ் ஹுவான் மகனை நூறு அடி அடித்து அடைத்து வைத்தார்; வாரிசு உரிமையைப் பறிக்கவும் நினைத்தார். அப்போது சமாதானம் பேச வந்தவர் சிமா சிரு. அவர் என்ன செய்தார்? சாட்சி சொன்ன இருவரையும் பிறழ வைத்தார். காட்டிக்கொடுத்த பெண்ணை மிரட்டித் தூக்கில் தொங்க வைத்தார். பிறகு வந்து, எல்லாம் பொய்ப் புகார் என்றார். காவ் ஹுவான் மகிழ்ந்து, எங்களைத் தந்தையும் மகனுமாகக் காப்பாற்றியது நீதான் என்று 130 ஜின் பொன் பரிசளித்தார். ஜின் என்பது அவர்களுடைய எடைக்கணக்கு.  குற்றம் நடந்தது தெரியும், சாட்சி கலைக்கப்பட்டதும் தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஓர் ஏழைப் பெண்ணின் பிணத்தின் மேல் குடும்பம் ஒன்று சேர்ந்தது. அந்த வீட்டில் வளர்ந்த தம்பிகள் பின்னாளில் ஈவிரக்கமில்லாமல் நடந்தார்கள் என்று எதிரணி ஆச்சரியப்படுகிறது. விதைத்தது கள்ளி, விளைந்தது மல்லிகை இல்லையே என்று வியப்பது என்ன நியாயம்?

அரியணைக்கு வருவோம். காவ் ஹுவானின் மூன்று மகன்கள் பேரரசர்கள் ஆனார்கள் என்கிறோம். காவ் ஹுவான் தம் கையால் ஏற்றிய பேரரசர்கள் எத்தனை பேர்? அவர்களும் மூன்று. 531இல் ஒருவர், 532இல் அவரை இறக்கிவிட்டு இன்னொருவர், 534இல் அவர் ஓடிப்போனதும் மூன்றாமவர். நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று பேர். எதிரணித் தலைவர் உருகிச் சொன்னார்: மூன்றாமவரிடம் காவ் ஹுவான் மிகுந்த மரியாதை காட்டினார், வழிபாட்டு ஊர்வலத்தில் தூபக்கலத்தை ஏந்தி, மூச்சை அடக்கிக் குனிந்து, பேரரசரின் வண்டிக்குப் பின்னால் நடந்தார், மகன் காவ் செங்தான் அதே பேரரசரை விருந்தில் ஆள்வைத்து முஷ்டியால் குத்தச் செய்தார் என்று. உண்மை. ஆனால் ஊர்வலம் முடிந்ததும் தூபக்கலத்தை வைத்துவிட்டு அவர் எங்கே போனார்? ஜின்யாங்குக்கு, தம் படைக்கு. தந்தை காட்டிய பணிவைப் பார்த்தவர்கள் அவையில் இருந்தவர்கள். வாள் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தவர்கள் பிள்ளைகள்.

பார்த்ததை அப்படியே செய்தார்கள். 559இல் காவ் யாங் இறந்து, அவருடைய சிறுவயது மகன் பட்டத்துக்கு வந்தான். சித்தப்பா காவ் யான் அடுத்த ஆண்டே அமைச்சர்களைக் கொன்று, ஜின்யாங் படையைக் கையில் எடுத்துக்கொண்டு, அவனை இறக்கினார். எதிரணி இதைத் தம்பியின் துரோகம் என்கிறது. தந்தை கட்டிய வீட்டின் வாசல் அந்தப் பக்கம்தான் இருந்தது என்கிறேன் நான். ஜின்யாங் யாரிடமோ அவரிடமே யே. இருபத்தைந்து ஆண்டுகளாக அதுவே நடைமுறை.

காவ் யாங் இறப்பதற்கு முன் தம்பியிடம் சொன்ன வார்த்தை: "பறிப்பதென்றால் பறித்துக்கொள், ஆனால் கொன்றுவிடாதே." தம்பி பறித்தார், கொன்றார். அந்தத் தம்பி 561இல் குதிரையிலிருந்து விழுந்து சாகும்போது, பட்டத்தை அடுத்த தம்பி காவ் ஜானுக்கு விட்டுக்கொடுத்து எழுதினார்: என் மனைவி மக்களை நல்ல இடத்தில் வை, முன்னவர்கள் செய்ததைச் செய்யாதே. காவ் ஜானும் அண்ணன் மகனைக் கொன்றார். இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது, நடுவர் அவர்களே! தெரிந்தும் தடுக்க முடியவில்லை. கெஞ்சுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஒரு பேரரசர் தன் மகனின் உயிரைக் காக்கத் தம்பியிடம் கெஞ்ச வேண்டியிருந்தால், அங்கே வாரிசுமுறை என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் சொல்கிறேன், எதிரணிக்குப் பிடிக்காது. இந்தக் கெட்ட பிள்ளைகள் தாம் அந்த நாட்டில் கொஞ்சமாவது அமைப்பு என்று ஒன்றைக் கட்டினார்கள். பெயருக்கு இருந்த வெற்று மாவட்டங்களை ஒழித்து 153 கோட்டங்களையும் 589 வட்டங்களையும் 556இல் ஒரே ஆணையில் நீக்கியவர் குடிகாரர் காவ் யாங். மேலே மன்னர் மயங்கிக் கிடந்தாலும் கீழே ஆட்சி தெளிவாக நடந்தது என்று அவர் காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். 564இல் வெளியான வட சி சட்டத்தொகுப்பு காவ் ஜான் காலத்தது. சுருக்கமும் தெளிவும் கொண்ட அந்தச் சட்டத்தைத்தான் பின்வந்த சுய் பேரரசு தன் சட்டத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அதிலிருந்து தாங் பேரரசின் சட்டம் வந்தது. குடும்பத்தில் பிற்காலத்துக்கு நின்ற ஒரே சொத்து பிள்ளைகள் சேர்த்தது.

தந்தை விட்டுச்சென்றது என்ன? அவருடைய மரணப்படுக்கையைப் பாருங்கள். 546இல் யூபி என்ற மேற்கு வெய்க் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர் வெய் சியாவ்குவான். இவர் மண்மேடு எழுப்பினால் அவர் அதைவிட உயரமாகக் கோபுரம் கட்டினார். இவர் சுரங்கம் தோண்டினால் அவர் துருத்தி வைத்துப் புகையூதினார். ஐம்பது நாள் போராடி, 70,000 பேரைப் பறிகொடுத்து, நோயோடு திரும்பினார் காவ் ஹுவான். இறந்துவிட்டார் என்று வதந்தி பரவியதால் எழுந்து உட்கார்ந்து தளபதிகளுக்கு முகம் காட்டினார். முதிய தளபதி ஹூலூ ஜின் புல்வெளிப் பாட்டு ஒன்றைப் பாட, தாமும் சேர்ந்து பாடிக் கண்ணீர் விட்டார். அந்த இடத்தில் யாருக்கும் மனம் இளகும், எனக்கும் இளகியது. ஆனால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவர் மகனுக்குச் சொன்ன உயிலைக் கேளுங்கள். தளபதி ஹோவ் ஜிங் பதினான்கு ஆண்டுகளாகத் தெற்கு மாகாணத்தைப் பிடித்து வைத்திருக்கிறான். அவனை நான் மேய்ப்பேன், உன்னால் முடியாது. அவனை வெல்லக்கூடியவன் முரோங் ஷாவ்சோங் ஒருவனே. வேண்டுமென்றே அவனுக்குப் பதவி தராமல் வைத்திருக்கிறேன், நீ கொடுத்து உன் ஆளாக்கிக்கொள். ஹூலூ ஜின் நேர்மையானவன், உன்னைக் கைவிட மாட்டான்.

எத்தனை கூர்மை! சொன்னதெல்லாம் பலித்தது. 547இல் அவர் கண்மூடியதும் ஹோவ் ஜிங் கலகம் செய்தான். முரோங் ஷாவ்சோங் அவனை அடித்துத் துரத்தினார். ஆனால் கவனியுங்கள், அந்த உயில் முழுக்க ஆட்களின் பெயர்ப் பட்டியல். முரோங் ஷாவ்சோங் 549இல் ஒரு முற்றுகையின்போது நீரில் மூழ்கி இறந்தார். அதே ஆண்டு காவ் செங்கையும் சமையல்காரன் ஒருவன் குத்திக் கொன்றான். இரண்டே ஆண்டில் பட்டியலிலும் ஓட்டை, பட்டியலைக் கேட்டவரும் இல்லை.

இப்போது பக்கத்து நாடு. யூவென் தாய்க்கும் மூன்று மகன்கள் பேரரசர்கள் ஆனார்கள். கதை அப்படியே இரட்டைப் பிள்ளை. அவரிடம் இருந்த குவான்ஜோங் பகுதி வறண்டது, பஞ்சத்தில் மனிதரை மனிதர் தின்ற ஆண்டுகளும் உண்டு. அவர் காவ் ஹுவானைவிட நல்லவர் என்று சொல்ல மாட்டேன். தம்மிடம் அடைக்கலம் புகுந்த பேரரசரை அவர் விஷம் வைத்தே அனுப்பினார், 554இல் ஜியாங்லிங் நகர மக்களை ஆயிரமாயிரமாக அடிமைகளாக ஓட்டிச் சென்றார். ஆனால் இல்லாமை அவரை யோசிக்க வைத்தது. சூ சுவோ என்ற எழுத்தரைக் கண்டுபிடித்தார். அவர் பேசத் தொடங்கியபோது படுத்துக் கேட்டவர், பேச்சின் நடுவே எழுந்து அமர்ந்து, தம்மை அறியாமலே முன்னே நகர்ந்து வந்தாராம். அந்தச் சூ சுவோ வரவைக் கறுப்பு மையிலும் செலவைச் சிவப்பு மையிலும் எழுதும் முறையையும் குடும்பப் பதிவேட்டையும் ஏற்படுத்தினார். ஆட்சிக்கு ஆறு விதிகள் எழுதினார். அந்த ஆறையும் கணக்கையும் கற்காதவர் அதிகாரியாக இருக்க முடியாது என்று ஆணை. 543இல் மாங் மலையில் காவ் ஹுவானிடம் மரண அடி வாங்கியதும், சியென்பெய்கள் மட்டும் போதாது என்று உள்ளூர் ஹான் பெருங்குடிகளின் ஆட்களையும் படையில் சேர்த்தார். அதையே வளர்த்து 24 படைப்பிரிவுகளாக, ஒழுங்கான ஏணியாக அமைத்தார். காவ் ஹுவான் இரண்டு கூட்டத்துக்கும் இரண்டு பேச்சு வைத்திருந்தார். இவர் இரண்டு கூட்டத்தையும் ஒரே அணிவகுப்பில் நிறுத்தினார்.

மகன்களின் கதி? 556இல் இறக்கும்போது அண்ணன் மகன் யூவென் ஹூவிடம் பிள்ளைகளை ஒப்படைத்தார். அந்த யூவென் ஹூ முதல் பேரரசரை 557இல் கொன்றான். இரண்டாமவரை 560இல் விஷம் வைத்துக் கொன்றான். மூன்று நான்கு ஆண்டுகளில் இரண்டு பேரரசர்கள் கொலை! குடும்பச் சண்டை, கொலை, துரோகம் எல்லாம் அங்கேயும் உண்டு. எதிரணியின் கணக்குப்படி அந்த நாடுதான் முதலில் சாய்ந்திருக்க வேண்டும். சாயவில்லை. பதிவேடுகள் எழுதப்பட்டன, படைகள் முறைப்படி கூடின, மூன்றாவதாகப் பட்டமேறிய மகன் யூவென் யோங் அதே படையோடு வந்து 577இல் வட சி அரசை விழுங்கினார். விழுங்கியபோது அங்கே இருந்தவை 33 லட்சம் குடும்பங்கள், 2 கோடி மக்கள். ஆள்பலத்திலும் வளத்திலும் கிழக்குத்தான் பெரிது. அப்படியும் தோற்றது.

யூவென் தாயின் மகன்கள் ஆண்ட அந்த வட சோவ் அரசும் நான்கே ஆண்டில், 581இல் போய்விட்டதே என்று எதிரணி நண்பர் ஒருவர் இடையில் குரல் கொடுத்தார். குடும்பம் போனது, ஐயா. வாங்கிக்கொண்டவர் யார்? யாங் ஜியான். அவருடைய தந்தை யூவென் தாயின் பன்னிரு பெருந்தளபதிகளில் ஒருவர். 589இல் சீனம் முழுவதையும் ஒன்றாக்கினார். அதன்பின் தாங் பேரரசை நிறுவியவர் யூவென் தாயின் எட்டுத் தூண் தளபதிகளில் ஒருவரின் பேரன். அரியணையில் ஆள் மாறினார். பதிவேடும் படையும் அப்படியே ஓடின.

மணி அடிக்கப்போகிறார்கள் என்று தெரிகிறது. எதிரணியில் இனிப் பேச வருபவருக்கு ஒரே ஓர் ஆண்டை மட்டும் விட்டுச் செல்கிறேன்: 572. அந்த ஆண்டு இரண்டு நாடுகளிலும் ஆகப் பெரிய மனிதர் ஒருவர் கொல்லப்பட்டார். யேவில் கொல்லப்பட்டவர் ஹூலூ குவாங், காவ் ஹுவான் உயிலில் நம்பச் சொன்ன அதே ஹூலூ ஜின்னின் மகன், நாட்டின் முதன்மைத் தளபதி. அவர் அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்று பொருள்படும் ஒரு சின்னப் பாட்டை யேவின் தெருக்களில் பரப்பவிட்டவர், யூபியில் காவ் ஹுவானைத் தோற்கடித்த அதே வெய் சியாவ்குவான். அன்று 70,000 பேரைப் பலிவாங்கிய கோட்டை தேவைப்பட்டது. இந்த முறை ஒரு பாட்டு போதுமானதாக இருந்தது. பேரன் காவ் வெய் அதை நம்பித் தளபதியைக் குடும்பத்தோடு அழித்தார். செய்தி கேட்ட யூவென் யோங் மகிழ்ச்சியில் நாடெங்கும் பொது மன்னிப்பு அறிவித்தார். 577இல் யே நகருக்குள் நுழைந்ததும், "இந்த மனிதர் உயிரோடு இருந்திருந்தால் நான் இங்கே வந்திருப்பேனா?" என்றார்.

சாங்கானில் அதே ஆண்டு, சில மாதங்கள் முன்னதாக, கொல்லப்பட்டவர் யூவென் ஹூ. பதினைந்து ஆண்டுகள் அந்த நாட்டையே கையில் வைத்திருந்தவர். பேரரசர் யூவென் யோங் அரண்மனையில் அரசமாதா முன்னிலையில் அவரைப் பின்னாலிருந்து அடித்து வீழ்த்தினார். அந்த நாட்டில் ஒரு கோட்டையாவது விழுந்ததா? ஒரு படையாவது கலைந்ததா? ஐந்தாம் ஆண்டில் பக்கத்து நாட்டையே பிடித்தது. அங்கே ஓர் ஆள் போனான், இங்கேயும் ஓர் ஆள் போனான். இங்கே மட்டும் ஏன் பேரரசே சேர்ந்து போனது? அடுத்து வருபவர் காவ் வெய்யின் முட்டாள்தனத்தைப் பற்றி இன்னொரு கதை சொல்லாமல், இதற்குப் பதில் சொல்லட்டும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.